பார்த்த படத்தைப் பற்றி நான்கு வரி சொல்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றி நண்பர்களுக்கு நான்கு வரி எழுதி அனுப்புவதற்கெல்லாம் ஒரு வழிகாட்டி தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு ஒரு மொழிமாற்றுப் படத்தின் வசனங்களை மூலப்படத்தின் வசனகர்த்தாவைப் பெயர் சொல்லிப் பழித்துவிட்டு, அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் கேட்கவில்லை என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். படத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம் வாய் தவறி முடிவைச் சொல்லி நெடுநாள் ஏச்சு வாங்கினேன். என் வீட்டுத் தொலைக்காட்சியின் கோளாறு ஒன்றை ஒளிப்பதிவாளரின் குறையாக எழுதி, திருத்தம் போட வேண்டிய நிலைக்கும் ஆளானேன்.

இது முறையான திரைப்பட விமர்சனம் எழுதுவோருக்கான கட்டுரை அன்று. அண்மையில் பார்த்த படத்தைப் பற்றித் தெரிந்தவர்களிடம் இயல்பாகக் கருத்துச் சொல்ல விரும்பும் புதியவர்களுக்கானது. கேட்பவர் என் கருத்தைத் தம்முடைய ரசனைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிந்தால்தான் அது அவருக்குப் பயன்படும். நான் எதை, எப்படிப் பார்த்தேன் என்பது தெரியாமல் அவரால் அதைச் செய்ய முடியாது. பின்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு தேவைக்காகவே வகுக்கப்பட்டவை. படம் ஓடும் நேரம் நீங்கலாக, எல்லாப் படிகளுக்கும் சேர்த்து எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முதல் சில படங்களுக்கு அதைப்போல் இரு மடங்கு ஆகலாம்.

1. எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரே பெயரில் ஒரு படத்தின் பல பதிப்புகள் இருக்கக்கூடும். திரையரங்கில் வெளியானது, இயக்குநர் பின்னர் நீட்டியோ சுருக்கியோ வெளியிட்டது, தணிக்கையில் வெட்டுப்பட்டது, தொலைக்காட்சிக்காகக் குறைக்கப்பட்டது, வேறு மொழியில் டப்பிங் செய்யப்பட்டது எனப் பலவகை உண்டு. ஆகவே படத்தின் பெயர், வெளியான ஆண்டு, நீங்கள் பார்த்த மொழி, ஓடிய நேரம் ஆகிய நான்கையும் படம் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். ஆண்டைக் குறிப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படங்கள் இருக்கும்போது, நீங்கள் புகழ்ந்ததை நம்பி வேறொன்றைப் பார்த்துவிட்டு உங்களைத் தேடி வருபவர்கள் உண்டு.

ஓடும் நேரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. திரைப்படங்கள் பொதுவாக ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம் எனப்படும் தனித்தனி நிலைப்படங்கள்) வீதம் ஓடுகின்றன. வினாடிக்கு 25 சட்டகங்கள் என்ற தொலைக்காட்சி முறை இருந்த நாடுகளில், பழைய குறுந்தகடுகளிலும் ஒளிபரப்புகளிலும் படத்தைச் சற்றே வேகமாக ஓட்டி அந்தக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். அதனால் 120 நிமிடப் படம் ஏறக்குறைய 115 நிமிடத்தில் முடிந்துவிடும்; ஒரு காட்சிகூட வெட்டுப்பட்டிருக்காது. ஐந்து நிமிடத்தைக் காணவில்லை என்று நான் ஒரு பழைய குறுந்தகட்டின் மீது சினந்து எழுதியது இது தெரியாத காலத்தில்தான். நேரம் குறைந்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டுப்பட்டதாகச் சொல்லாதீர்கள்.

டப்பிங்கில் பார்த்தால் வசனத்தையும் குரல் நடிப்பையும் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் அந்த டப்பிங்கைப் பற்றியதே. சப்டைட்டிலோடு பார்த்தாலும் கவனம் தேவை. திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் காட்டுவதில்லை என்பது பொதுவான வழக்கம். லத்தீன் எழுத்து மொழிகளில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்ற அளவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வேகமாகப் பேசும் பாத்திரத்தின் பேச்சில் பாதி இந்த இடத்துக்குள் அடங்காது. வசனம் தட்டையாக இருக்கிறது என்று தோன்றினால், தட்டையாக இருப்பது சுருக்கமா, மூலமா என்பதை அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க ஆளில்லையென்றால் வசனத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லுங்கள்.

2. வீட்டில் பார்ப்பதானால் கருவியைச் சரிபாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. இதைத் தாண்டியதால்தான் நான் திருத்தம் போட நேர்ந்தது.

பல தொலைக்காட்சிகளில் அசைவைச் சீராக்கும் ஓர் அமைப்பு வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். பொதுவாக அதை ‘மோஷன் ஸ்மூதிங்’ என்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது. படத்தின் 24 சட்டகங்களுக்கு இடையில், இல்லாத சட்டகங்களைக் கருவியே கணித்துச் செருகுவதால், எத்தனை பொருட்செலவில் எடுத்த படமும் அன்றாடத் தொடர் நாடகம்போல் வழுவழுப்பாகத் தெரியும். நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் 2018 டிசம்பரில் ஒரு காணொளி வெளியிட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 2019இல் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் கருவியின் பட அமைப்புப் பட்டியலில் அது இருந்தால், அதைத் தேர்ந்தாலே இந்தச் செருகல் நின்றுவிடும். இல்லையென்றால் அமைப்புகளுக்குள் சென்று கையால் அணைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது திரையின் அகலம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று பலர் படத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கில், அகலத்திரைப் படங்கள் பல 2.39:1 என்ற விகிதத்திலும், இன்றைய தொலைக்காட்சிகள் 16:9 விகிதத்திலும் அமைந்திருக்கின்றன. பட்டை மறையும்வரை பெரிதாக்கினால் இருபுறமும் சேர்த்துப் படத்தின் அகலத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் பாத்திரத்தை நீங்களே வெளியேற்றிவிட்டு, காட்சியமைப்பு நெருக்கடியாக இருக்கிறது என்று எழுதுவது நியாயமாகாது.

ஒலியையும் கவனியுங்கள். திரையரங்குக்கென்று 5.1 முறையில், அதாவது பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துக் கலக்கப்பட்ட ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கிக்கு உரியது. தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் வழியாக அது வரும்போது பின்னணி இசைக்குள் அமிழ்ந்துவிடக்கூடும். வசனம் புரியவில்லை என்று குறை சொல்வதற்கு முன், அதே காட்சியை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதிலும் புரியவில்லையென்றால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

3. இருட்டில் குறிப்பெடுக்கும்போது

திரையரங்கில் கைப்பேசியைத் திறந்து குறிப்பெடுக்க வேண்டாம். வெளிச்சம் பின்வரிசை முழுவதையும் தொந்தரவு செய்யும். நான்காக மடித்த ஒரு காகிதமும் பேனாவும் போதும். பார்க்காமல் எழுதப் பழக வேண்டும்: எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு விஷயத்துக்கு ஒரு சொல்லே எழுதுங்கள், ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் கட்டை விரலைக் கீழே நகர்த்தி அடுத்த வரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுத்தின் மேல் எழுத்து ஏறி, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு மறைமொழியாகிவிடும். ஒரு படத்துக்கு ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் எழுதினால் நீங்கள் படம் பார்க்கவில்லை, கணக்குப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

4. அன்றிரவே ஒரு பக்க ஆவணம் தயாரியுங்கள்

பத்து நிமிடம் போதும். ஆனால் அன்றிரவே செய்தாக வேண்டும். மறுநாள் மாலைக்குள் பாத்திரப் பெயர்களும் காட்சிகளின் வரிசையும் கலைந்துவிடுகின்றன. ஒரு வாரம் கழித்து எழுதினால் படத்தைப் பற்றி அன்று, உங்கள் நினைவில் மிஞ்சிய படத்தைப் பற்றி எழுதுவீர்கள்.

முதல் படியில் எடுத்த நான்கு விவரங்களோடு, பார்த்த தேதி, பார்த்த இடம், யாரோடு பார்த்தீர்கள், உடல்நிலையும் மனநிலையும் எப்படி இருந்தன என்பவற்றை அந்தப் பக்கத்தில் சேருங்கள். தலைவலியோடு பார்த்த படத்தைப் பற்றிய கருத்தில் தலைவலிக்கும் பங்குண்டு. பிறகு நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளை, ஏன் நிற்கின்றன என்ற ஆராய்ச்சியில்லாமல், நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எங்கே சலிப்புத் தட்டியது, எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். கடைசியாக, படத்தின் நடுப்பகுதியில் உங்களுக்கு இருந்த கருத்தையும் முடிந்தபோது இருந்த கருத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இப்படிப் பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மக்களைக் குளிர்ந்த நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். ஒருமுறை 60 வினாடி. இன்னொரு முறை அதே 60 வினாடியும், அதன் பின் சற்றே குளிர் குறைந்த நீரில் மேலும் 30 வினாடியும். மொத்த வேதனை அதிகமாக இருந்தும், மறுபடி செய்ய எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட முறையையே தேர்ந்தார்கள். காரணம், அதன் முடிவு இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும் சேர்ந்து அதன் முழு நினைவையும் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன. விறுவிறுப்பான கிளைமாக்ஸ் ஒன்று, அதற்கு முன்பு நாம் பட்ட ஒன்றரை மணி நேரச் சலிப்பை அழித்துவிடுவதை நான் என் குறிப்புகளிலேயே பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல படத்தின் சொதப்பலான முடிவு செய்யும் அநீதி அதற்கு நேர்மாறானது.

நுழைவுச்சீட்டைச் சேர்த்துவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பத்தாளில் (சூட்டினால் எழுத்துப் பதியும் தாள்) அச்சாகும் சீட்டுகளின் எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும். நெகிழி உறையில் போட்டு வைத்தால் இன்னும் விரைவாக வெளுக்கக்கூடும். ஓர் ஆல்பம் நிறைய வெற்றுத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. சீட்டு கைக்கு வந்த அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. உங்கள் தீர்ப்பை எழுதும்வரை பிறருடையதைப் படிக்காதீர்கள்

இதற்கு விளக்கம் தேவையில்லை. பிறர் சொன்னதைப் படித்த பிறகு அது உங்களுக்கே தோன்றியதுபோல் இருக்கும். எது யாருடையது என்று பிரித்தறிய முடியாது. உங்கள் பக்கத்தை முடித்துத் தேதியிட்ட பிறகு எத்தனை பேருடையதை வேண்டுமானாலும் படியுங்கள்.

6. மறுநாள் காலையில் நான்கு வரியை எழுதுங்கள்

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுதத் தொடங்கும் முன், கேட்பவர் படத்தை இனிமேல் பார்க்கப் போகிறவரா, ஏற்கெனவே பார்த்துவிட்டவரா என்பதை முடிவு செய்யுங்கள். முன்னவருக்குத் தேவை, மாலை நேரத்தை இந்தப் படத்துக்குக் கொடுக்கலாமா என்ற பதில். பின்னவருக்குத் தேவை, தாம் கவனிக்காத ஒன்று. இருவருக்கும் ஒரே குறிப்பை எழுத முயன்றால் முன்னவருக்குக் கதை உடையும், பின்னவருக்குக் கொட்டாவி வரும்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். ட்ரெய்லரிலேயே தெரிந்துவிடுவதைத் திரும்பச் சொல்வதில் பாதி இடம் போய்விடும். ஒரு தீர்ப்பு, அதற்குச் சான்றாக ஒரு காட்சி, அந்தத் தீர்ப்பு உங்களிடமிருந்து வருவதற்கான காரணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று மட்டும் எழுதினால் கேட்பவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதையே, ‘அண்ணனிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று நாயகி எடுக்க வேண்டிய ஒரே முடிவை நான்கு காட்சிகள் தள்ளிப்போடுகின்றன, அந்த நான்கிலும் புதிதாக எதுவும் நமக்குத் தெரியவருவதில்லை, மெதுவாகச் செல்லும் படங்களை நான் விரும்புகிறவன், எனக்கே பொறுமை போய்விட்டது’ என்று எழுதிப் பாருங்கள். மெதுவான படங்களை விரும்பாதவர் உடனே விலகிக்கொள்வார். உங்களைவிடப் பொறுமைசாலி ஒருவர் துணிந்து பார்ப்பார். இருவருக்கும் நீங்கள் உதவியிருக்கிறீர்கள்.

‘வேற லெவல்’, ‘மொக்கை’, ‘செதுக்கியிருக்கிறார்’ போன்ற சொற்கள் முதல் வரைவில் வரத்தான் செய்யும். அவற்றை அடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ‘எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலாக ஒரு காட்சி வந்தால் சொல்லை எடுத்துவிட்டுக் காட்சியை வையுங்கள், வராவிட்டால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நடிகர்களின் உடல், நிறம், வயது ஆகியவற்றைப் பற்றிய வேடிக்கைப் பேச்சும் வேண்டாம். நடிப்பைப் பற்றிச் சொல்ல எதுவும் கிடைக்காதபோதுதான் அவை நாவில் வருகின்றன என்பது என் அனுபவம்.

படத்தில் பணியாற்றியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலோ, சீட்டு இலவசமாகக் கிடைத்திருந்தாலோ, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வெளிப்பட்டால் நீங்கள் உண்மையாகவே ரசித்ததையும் யாரும் நம்பமாட்டார்கள்.

7. யார் எதைச் செய்தார் என்பதைச் சரிபாருங்கள்

எல்லாப் புகழையும் பழியையும் இயக்குநர் கணக்கில் எழுதிவிடுவது புதியவர்களின் வழக்கம். கதை ஒருவருடையதாகவும், திரைக்கதை இன்னொருவருடையதாகவும், வசனம் மூன்றாமவருடையதாகவும் இருக்கலாம். பாடல்களுக்கு இசையமைத்தவரும் பின்னணி இசை தந்தவரும் வேறு வேறானவர்களாக இருப்பதும் உண்டு. ஒரு காட்சி வேகமாக நகர்வதாகத் தோன்றுவதில் படத்தொகுப்பாளருக்கும், மழையில் நடக்கும் காலடியோசை மனத்தில் நிற்பதில் ஒலிக்கலைஞருக்கும் பங்கு இருக்கிறது. அந்தக் காலடியோசை பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானதும் அன்று. பின்னர் ஓர் அறையில், திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நடந்து உருவாக்கியது. இந்தக் கலைக்கே ஜாக் ஃபோலி என்பவரின் பெயரை வைத்து ‘ஃபோலி’ என்கிறார்கள்.

இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை இருக்கையில் இருப்பதுதான் இதற்கு மலிவான வழி. திரையரங்கில் விளக்கைப் போட்டு உங்களைக் கிளப்பிவிட்டால், வீட்டுக்கு வந்து படத்தின் அதிகாரபூர்வப் போஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம். யார் செய்தார் என்று உறுதியாகத் தெரியாத ஒன்றை ‘படத்தின் இசை’, ‘படத்தின் தொகுப்பு’ என்று பொதுவாகச் சொல்வதில் குறைவில்லை.

8. கதையை உடைக்காதீர்கள்

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்ட வாசகர்கள் கதைகளைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்று கண்டார்கள். அக்காவிடம் மாட்டிக்கொண்டபோது நான் இதைத்தான் எடுத்துக்காட்டினேன். அந்த ஆய்வு சிறுகதைகளை வைத்துச் செய்யப்பட்டது, திரைப்படங்களை வைத்து அன்று என்பதை அவர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். நீங்களும் அதைக் கேடயமாக ஏந்த வேண்டாம்.

நான் இப்போது பின்பற்றும் முறை இது. படத்தின் முதல் கால் பகுதிக்குள் நடப்பதைச் சொல்லலாம். அதற்குப் பின் நடப்பதைச் சொல்லாமல் தீர்ப்பை நிறுவ முடியாதபோது, முதல் வரியில் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, சில வரிகள் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். நேரில் பேசும்போது, அறையில் உள்ள அனைவரும் பார்த்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டே வாயைத் திறக்க வேண்டும். ‘கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, ஆனால் நான் சொல்லமாட்டேன்’ என்பதும் கதையை உடைப்பதுதான். அதைக் கேட்டவர் படம் முழுவதும் திருப்பத்தைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

9. மதிப்பெண் கொடுப்பதானால் அளவுகோலையும் கொடுங்கள்

‘ஐந்துக்கு மூன்று’ என்பது ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குத் தண்டனை. பொதுவில் உலவும் எண்களும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டும் சதவீதம் மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற விகிதமே அது. எல்லாரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று சொன்ன படம் 100 சதவீதம் பெறும். பத்தில் ஏழு பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட, மூன்று பேர் வெறுத்த படம் 70 சதவீதத்தோடு நிற்கும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி 1 முதல் 10 வரை வாக்குப் பெற்றாலும் அது வெளியிடுவது எளிய சராசரியை அன்று, எல்லா வாக்குக்கும் ஒரே எடை தராத எடையிட்ட சராசரியை. பார்த்த படங்களை ரசிகர்கள் பதிந்துவைக்கும் தளமான லெட்டர்பாக்ஸ்ட் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை, மொத்தம் பத்துப் படிகள் வைத்திருக்கிறது. இந்த எண்களை ஒன்றோடொன்று கூட்டிக் கழிப்பதில் பொருளில்லை.

நான் எண்களை விட்டுவிட்டேன். ‘மறுபடி பார்ப்பேன்’, ‘ஒருமுறை போதும்’, ‘பாதியில் எழுந்திருப்பேன்’ என்ற மூன்று சொற்றொடர்களில் ஒன்றைத் தேர்ந்து எழுதுகிறேன். எண்தான் வேண்டும் என்பவர்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதை அடிக்கடி மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

10. குறிப்போடு நிழற்படங்களைச் சேர்ப்பதில் எச்சரிக்கை

திரையில் ஓடும் படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். ‘ஒரே ஒரு காட்சிதான்’ என்பது சாக்காகாது. தயாரிப்பாளர்களே விளம்பரத்துக்கென வெளியிட்ட போஸ்டர்களும் நிழற்படங்களும் எளிதில் கிடைக்கும்போது அந்த இடர் தேவையற்றது. அவற்றிலும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, யாருடையவை என்பதைக் குறிப்பிடுங்கள். ஒரு வசனத்தை மேற்கோள் காட்டலாம்: வெளியான படைப்பிலிருந்து, நோக்கத்துக்குத் தேவையான அளவில், மூலத்தைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்டுவதைப் பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுப் பாடல் வரிகளையும் எடுத்துப் போடுவது அந்த அளவுக்குள் வராது.

11. எப்போது பகிர்வது, எப்படித் திருத்துவது

எழுதியதைச் சில மணி நேரம் கிடப்பில் போட்டுவிட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின் அனுப்புங்கள். படம் வெளியான முதல் சில நாட்களில் பார்க்காதவர்களே அதிகம் என்பதால், ஆறாம் படியில் சொன்ன முன்னவருக்கான குறிப்பை முதலில் அனுப்பிவிடுங்கள். பார்த்துவிட்டவர்களுக்கான நீண்ட குறிப்புக்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்தாலும் நட்டமில்லை. சொல்லப்போனால் அந்த இடைவெளியில்தான் அது பக்குவப்படுகிறது.

பிறர் தவறைச் சுட்டிக்காட்டினால் முதலில் உங்கள் ஒரு பக்க ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அவர் பார்த்தது வேறு பதிப்பாக இருக்கலாம். சச்சரவுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தவறு உங்களுடையதென்றால் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே தேதியிட்டுத் திருத்தத்தை எழுதுங்கள். இரண்டாம் முறை பார்த்துக் கருத்து மாறினாலும் இதே முறைதான். அப்படி ஒரு படத்துக்கு, அக்காவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்ததன் விளைவாக, என் பக்கத்தில் மூன்று தேதிகளில் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு நான் மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறேன்.